மீன் துடுப்பு விரல்கள்

மலேசியாவின் ஜோகூருக்கு நான் ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. என் தம்பி கதிரேசனைக் கையோடு அழைத்துவரப் போனேன். வைகாசியில் அவனுக்குக் கல்யாணம். பெண் வளர்மதி எங்கள் அருப்புக்கோட்டைக்காரிதான். நூற்பாலை அலுவலகத்தில் வேலை. பெரியவர்கள் பேசி முடித்து, பத்திரிகையும் அடிக்கக் கொடுத்தாயிற்று. மாப்பிள்ளைதான் பிடி கொடுக்கவில்லை. "வர்றேன், வர்றேன்" என்பான். தேதி கேட்டால் லைன் சரியில்லை என்பான். ஏழு மாதமாக வீடியோவில் முகம் காட்டவும் இல்லை. போனில் கேமரா உடைந்துவிட்டதாம். அம்மா நம்பினாள். நான் பள்ளிக்கூடத்தில் தாவரவியல் நடத்துகிறவள். பதினாலு வருடமாகப் பிள்ளைகளின் சாக்குப்போக்குகளைக் கேட்டுப் பழகிய காது இது. கோடை விடுமுறை விட்டதும் கிளம்பிவிட்டேன்.

லார்கின் பேருந்து நிலையத்தில் அவன் எனக்காக நின்றுகொண்டிருந்தான். இளைத்திருந்தான். நம் ஊர் சித்திரை வெயிலை ஈரத்துணியில் சுற்றி முகத்தில் வைத்தது போன்ற புழுக்கம். அதில் அவன் தடித்த ஜாக்கெட் போட்டிருந்தான். வலது கை ஜாக்கெட் பையில். இடது கையால் என் பெட்டியை வாங்கிக்கொண்டு, "வாக்கா, முதல்ல சாப்பிடலாம்" என்றான்.

தம்போய் என்ற பகுதியில் அவன் வழக்கமாகப் போகும் கடை. வாழை இலை போட்டுச் சோறு, மீன் குழம்பு, பாகற்காய் வறுவல். குழம்பில் புளி குறைவு, தேங்காய்ப்பால் அதிகம். தனக்கு தே ஓ போதும் என்றான். தே ஓ என்பது அங்கே பாலில்லாத தேநீர். நான் விடவில்லை; அவனுக்கும் இலை போடச் சொன்னேன். பரிமாறியவர் ஒரு கரண்டியைக் கொண்டுவந்து, ஒன்றும் கேட்காமல், அவனுடைய இடது பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

"ஏன்டா, இடது கையாலயா சாப்பிடுறே?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. ஜாக்கெட் பையிலிருந்து வலது கையை எடுத்து இலைக்குப் பக்கத்தில் வைத்தான். கட்டைவிரல் மட்டும் இருந்தது. மற்ற நான்கும் இருந்த இடம், ஓரம் மடித்துத் தைத்த துணி போல மூடிக் கிடந்தது.

"அக்கா, சத்தம் போடாத. எல்லாரும் சாப்பிடுறாங்க" என்றான்.

நான் சத்தம் போடவில்லை. அந்தச் சோற்றில் பாதியைத் தின்றேன். எப்படித் தின்றேன் என்று இன்றும் தெரியவில்லை.

தீபாவளி முடிந்த வாரத்தில் நடந்திருக்கிறது. அவன் வேலை செய்யும் பட்டறையில் தகடு அழுத்தும் மெஷின். கையுறை சிக்கிக்கொண்டது. "ரெண்டு செகண்டுதான்க்கா. வலிகூட அப்புறம்தான் வந்துச்சு." பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துகொண்டு, அம்மாவிடம் தினமும் "டபுள் டூட்டி" என்று சொல்லியிருக்கிறான்.

அவன் வாடகைக்கு இருந்தது ஸ்டெல்லா அக்காவின் வீட்டு மாடி அறை. ஸ்டெல்லா அக்காவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். செடெனாக் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில் பிறந்தவர். கணவர் இறந்தபின் வீட்டிலேயே திரைச்சீலையும் பையும் தைத்துப் பிழைக்கிறார். கூடத்தில் ஒரு பக்கம் மாதா படம், மறுபக்கம் தையல் மெஷின். எனக்கு மாடியிலேயே இன்னொரு அறை கொடுத்திருந்தார்; மறுநாள் காலை நான் கீழே இறங்கியபோது, "பசியாறிட்டீங்களா டீச்சர்?" என்று கேட்டார். காலை உணவு உண்டாயிற்றா என்பதற்கு அங்கே அப்படித்தான் கேட்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டு எனக்குக் கண் கலங்கியதற்குக் காரணம் பசி இல்லை.

"ஊருக்குச் சொல்லுடா, சொல்லுடான்னு எத்தனை தடவ சொன்னேன் லா," என்றார் அவர். "கேக்கவே மாட்டான். மீறி நான் சொன்னா வீட்ட காலி பண்ணிருவேன்னு சொன்னான். அப்புறம் யாரு அவனுக்குச் சோறு போடுறது? அதான் வாய மூடிக்கிட்டேன். என்மேல கோவமா?"

இல்லை என்றேன். உண்மையில் அந்த நேரத்தில் எல்லோர் மேலும் கோபமாகத்தான் இருந்தது.

கதிரேசன் ஏழு மணிக்கே வேலைக்குப் போய்விட்டிருந்தான். தம்போயில் இருந்த அதே பட்டறைக்கு. மெஷினில் நிற்பதில்லை, செய்து முடித்த சாமான்களைச் சரிபார்க்கும் வேலை. மத்தியானம் சாப்பாடு கொண்டுபோகிறேன் என்று தயிர்சாதம் கட்டிக்கொண்டு கிளம்பினேன். ஸ்டெல்லா அக்கா ஒரு குடை கொடுத்தார். பேருந்து எண்ணைச் சரியாகத்தான் கேட்டுக்கொண்டேன், ஏறியது எதிர்த்திசையில். கடைகள் முடிந்து, வீடுகள் முடிந்து, நெடுஞ்சாலை வந்தபிறகுதான் உறைத்தது. டிரைவர் சொன்னது எனக்குப் புரியவில்லை. நான் சொன்னது அவருக்குப் புரியவில்லை. பக்கத்தில் இருந்த மலாய்ப் பெண்மணி என் போனை வாங்கி, கதிரேசனிடம் பேசி, என்னோடு இறங்கி, சாலையைக் கடக்க வைத்து, சரியான பேருந்தில் ஏற்றிவிட்டார். எனக்குச் சொல்லும்படி போனில் அவர் சொன்னதைப் பிறகு தம்பி மொழிபெயர்த்தான்: "அழாதீர்கள், தம்போய் ஓடிப்போகாது." நான் பாதை தவறியதற்காக அழுகிறேன் என்று நினைத்திருக்கிறார்.

இறங்கும்போது மழை. அங்கே வழக்கமாக மூன்று மணிக்கு வரும் மழையாம், அன்று ஒரு மணிக்கே வந்துவிட்டது. ஸ்டெல்லா அக்காவின் குடைத்துணி ஒரு சொட்டைக்கூடக் குடிக்கவில்லை. நீர் முத்து முத்தாக உருண்டு விழுந்தது. தாமரை இலையின் மேல் கண்ணுக்குத் தெரியாத மேடுகள் உண்டு, அதனால்தான் நீர் ஒட்டுவதில்லை, அதைப் பார்த்துத்தான் இப்படிப்பட்ட துணியும் பூச்சும் செய்யக் கற்றார்கள் என்று வகுப்பில் சொல்வேன். வேறொரு நாளாக இருந்தால் நின்று ரசித்திருப்பேன். அன்று குடையை மடக்கி உதறிவிட்டு உள்ளே போனேன்.

பட்டறையில் தம்பியைப் பார்த்ததும் ஒரு கணம் ஏமாந்துபோனேன். அவன் வலது கையில் விரல்கள் இருந்தன.

விரல்கள் இல்லை. வெள்ளை பிளாஸ்டிக்கில் இரண்டு நீண்ட முக்கோணங்கள். ஒவ்வொன்றும் ஒரு குட்டி ஏணியை நுனியில் சேர்த்து ஒட்டியது போல இருந்தது: இரண்டு பக்கப் பட்டை, நடுவில் குறுக்குச் சட்டங்கள். உள்ளங்கையில் ஒரு தோல் பட்டையில் அவை பொருத்தப்பட்டிருந்தன. கதிரேசன் மேசையிலிருந்த கண்ணாடி டம்ளரைக் கட்டைவிரலால் அவற்றின் மேல் அழுத்தினான். அந்த முக்கோணங்கள் பின்னால் சாயவில்லை. முன்னால் வளைந்து, டம்ளரைச் சுற்றித் தழுவிக்கொண்டன. தூக்கித் தண்ணீர் குடித்தான்.

"இது மீனோட துடுப்புக்கா," என்றான். "மீன் துடுப்ப நடுவுல விரல வச்சுத் தள்ளிப் பாரு. விலகிப் போகாது. தள்ளுற விரலப் பார்த்து வளையும். உள்ள ரெண்டு ரெண்டு முள்ளா இருக்குல்ல, அதனால."

எத்தனையோ மீன் ஆய்ந்திருக்கிறேன். ஒரு நாளும் தள்ளிப் பார்த்ததில்லை.

முட்டை அடுக்கும் தொழிற்சாலை ஒன்றின் மெஷின்கள் அந்தப் பட்டறைக்கு ரிப்பேருக்கு வரும். முட்டையை உடைக்காமல் எடுத்துவைக்கும் கைகள் அவற்றில் உண்டு. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு கதிரேசன் ஒரு நாள் அந்தக் கையைத் தொட்டுப் பார்த்திருக்கிறான். மெஷினோடு வந்த என்ஜினியர், மீன் துடுப்பைப் பார்த்துச் செய்தது என்று விளக்கியிருக்கிறார். அதற்கு முன்பு நண்டுக்கொடுக்கு போல ஸ்பிரிங் வைத்து இரும்பில் ஒன்று செய்து மாட்டிப் பார்த்தானாம். அது பிடித்தால் டம்ளர் உடைந்தது; தோலும் கிழிந்தது. இதை ஒன்பது தடவை அறுத்து அறுத்துச் செய்திருக்கிறான், இடது கையால்.

பட்டறை முதலாளி ஒரு சீனர், வயதானவர். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். மலாயில் மெதுவாகப் பேசினார். தம்பி முதலில் மொழிபெயர்க்க மறுத்தான், நான் வற்புறுத்தியதும் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "தப்பு உன் தம்பி மேல இல்ல, அந்த மெஷின் ரொம்பப் பழசு, நான் முன்னாடியே மாத்தியிருக்கணும்னு சொல்றாரு." அவரைத் திட்டுவதற்கென்று வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த சொற்கள் என் வாயிலேயே நின்றுவிட்டன. ஒப்புக்கொண்டுவிட்ட மனிதனை என்ன செய்வது? தயிர்சாதத்தில் மழைத்தண்ணீர் இறங்கியிருந்தது. கதிரேசன் அதை ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டான்.

சனிக்கிழமை அவன் அறையைக் கூட்டினேன். ஜன்னல் கம்பியில் மஞ்சள் கயிறுகள் தொங்கின. ஒன்றிரண்டு இல்லை, கம்பி தெரியாத அளவுக்கு. எல்லாம் ஒருமுறை சுற்றி, பாதியில் நழுவியவை. துணி காயப்போடவா என்று ஸ்டெல்லா அக்காவைக் கேட்டேன்.

அவர் தையலை நிறுத்தினார். "திரைக்கு வாங்கி வச்ச கயிறு அது. மஞ்சள்லதான் வேணும்னு கேட்டு எடுத்துட்டுப் போனான். எதுக்குன்னு நான் கேக்கல டீச்சர். உங்க கல்யாணத்துல கயிறு கட்டுவாங்கன்னு எனக்கும் தெரியும்தானே."

நான் மாடிக்குப் போய், அந்தக் கயிறுகளுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டேன். சாயங்காலம் அவன் வரும்வரை எழவில்லை.

வந்தவன் பார்த்ததும் புரிந்துகொண்டான். கையிலிருந்த பட்டையைக் கர்ரென்று பிய்த்துக் கழற்றிக் கட்டிலில் போட்டான்.

"முட்டையப் பிடிக்குதுக்கா. டம்ளர், மாம்பழம், ஸ்பேனர் எல்லாம் பிடிக்குது. நூல மட்டும் பிடிக்க மாட்டேங்குது. நூலுக்கு உருவமே இல்ல. வளைஞ்சு பிடிக்க அதுல என்ன இருக்கு?"

"மூணு முடிச்சும் நீயே போட வேண்டாம்டா. நம்ம வழக்கத்துல ஒண்ணுதான் மாப்பிள்ளை. மீதி ரெண்டும் நாத்தனார். நான்தானே பின்னாடி நிக்கப் போறேன்."

"அந்த ஒண்ணு?"

நான் ஜன்னலில் தொங்கிய கயிறுகளைப் பார்த்தேன்.

"அஞ்சு மாசமாப் போட்டுப் பாக்குறேன். அந்த ஒண்ணு வரல." சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். "அது வந்துட்டா, ஊருக்கு வந்து எல்லார்கிட்டயும் நானே சொல்லலாம்னு இருந்தேன். அந்தப் பொண்ணுகிட்டயும். இப்ப நீ வந்துட்டே."

"அவகிட்ட மறைச்சுக் கல்யாணம் பண்ண முடியாது கதிரு."

"நான் மறைக்கணும்னு நினைக்கலக்கா. காட்டுறதுக்கு ஏதாவது வேணும்னு நினைச்சேன்."

அன்று அந்தி சாயும் முன்பே வளர்மதியின் அப்பாவுக்குப் போன் செய்தேன். முழுதும் சொன்னேன். "கலந்துக்கிட்டுச் சொல்றோம் டீச்சர்" என்றார். அந்தக் குரலிலேயே பதில் தெரிந்துவிட்டது. ஆனாலும் மனிதனுக்கு ஒரு ராத்திரி நம்பிக்கை வேண்டியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வந்த ஸ்டெல்லா அக்கா, "வீட்டுலயே குந்திக்கிட்டு இருந்தா மூளை கெட்டுரும், வாங்க கெலாங் பாத்தா போலாம், நண்டு சாப்பிடலாம்" என்று எங்களைத் தன் பழைய காரில் ஏற்றினார். அவர் காரைக் 'காடி' என்றும் சாலையைச் 'சடக்கு' என்றும்தான் சொன்னார். பாதிச் சடக்கில் காடி புகைவிட்டு நின்றது.

"அலமாக்! இன்னைக்குத்தான் இது சாகணுமா!" என்று காரின் முன்மூடியைத் திறந்தார். எஞ்சின் ஆறும்வரை நிற்க வேண்டும் என்றான் தம்பி. இரண்டு பக்கமும் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனைத் தோட்டம். நம் ஊர்ப் பனைபோல வானத்தைக் காட்டும் மரமில்லை அது. மேலே மூடிக்கொண்டு கீழே இருட்டை வளர்க்கும் மரம். ஓரமாக ஒதுங்கியதில் சேலைக் கரை முழுக்க ஒட்டுப்புல் ஏறிவிட்டது. குனிந்து ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

"எங்க தோட்டத்துல இந்தச் சனியன் முட்டி வரைக்கும் இருக்கும்," என்றார் ஸ்டெல்லா அக்கா.

"தம்பி கைப்பட்டையில நீங்க தச்சுக் கொடுத்தீங்களே, அந்தக் கர்-கர் வெல்க்ரோ டேப், அதுகூட இந்த மாதிரி ஒட்டுற ஒரு காயைப் பார்த்துச் செஞ்சதுதான். நுனியில கொக்கி கொக்கியா இருக்கும்," என்றேன். ஏதாவது பேச வேண்டியிருந்தது.

"அப்படியா? நான் முப்பது வருசமாத் தைக்கிறேன், எனக்குத் தெரியாது பாருங்க."

அப்போதுதான் போன் அடித்தது. வளர்மதியே பேசினாள். தம்பி பார்த்துக்கொண்டிருந்ததால் நான் நகர்ந்து போகவில்லை.

"அக்கா, அப்பா வேண்டாம்னு சொல்லிட்டார். அவர்மேல பழி போட்டுட்டு நான் தப்பிக்க விரும்பல. எனக்கும் பயமா இருக்கு. நான் வேணும்னு அடம்பிடிச்சா நடக்கும். அடம்பிடிக்கிற தைரியம் எனக்கு இல்ல. உங்க தம்பிகிட்ட இதை அப்படியே சொல்லிருங்க, மெருகேத்த வேண்டாம்."

அப்படியே சொன்னேன். கதிரேசன் தலையசைத்தான். பிறகு பாட்டிலில் இருந்த தண்ணீரை எஞ்சினுக்கு ஊற்றினான். அந்தப் பிளாஸ்டிக் விரல்கள் பாட்டிலை இதமாகத் தழுவிப் பிடித்திருந்தன. ஒரு சொட்டுக் கீழே சிந்தவில்லை.

கெலாங் பாத்தாவில் நாங்கள் போன கடை தண்ணீருக்கு மேல் கட்டைகள் ஊன்றிக் கட்டியது. கீழே சேறு, சேற்றில் அலையாத்தி மரங்களின் வேர்கள் ஈட்டி ஈட்டியாக நின்றன. தொட்டியில் உயிர் நண்டுகள், கொடுக்குகள் கயிற்றால் கட்டப்பட்டு அடுக்கப்பட்டிருந்தன. நாங்கள் கை காட்டியவற்றில் ஒன்றை எடுத்துப் பார்த்த கடைக்காரர், இது வேண்டாம் என்று திரும்பப் போட்டார். ஸ்டெல்லா அக்கா எங்களுக்குச் சொன்னார்: "ஒரு கொடுக்கு சின்னதா இருக்காம். ஒடிஞ்சு போயி மறுபடி வளந்துக்கிட்டு இருக்காம். இதுல சதை இருக்காது, வேற தர்றேன்னு சொல்றாரு."

கதிரேசன் தொட்டியின் அருகே குனிந்தான். இடது பக்கம் பெரிய கொடுக்கு. வலது பக்கம், பிள்ளைகள் களிமண்ணில் செய்தது போல ஒரு சின்னக் கொடுக்கு. எல்லா வளைவும் பல்லும் சரியாக இருந்தன.

ஒட்டும் காயிடமிருந்து பட்டையைக் கற்றுக்கொண்டோம், தாமரையிடமிருந்து குடையை, மீனிடமிருந்து விரலை. நண்டிடமிருந்து கொடுக்கையும் எடுத்துக்கொண்டோம். அது வைத்திருக்கும் பெரிய வித்தையை மட்டும் யாருக்கும் எடுக்கத் தெரியவில்லை. இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவன் முகத்தில் அது எழுதியிருந்தது.

"இதுக்கு எத்தன மாசமாகும்னு கேளுங்கக்கா," என்றான் ஸ்டெல்லா அக்காவிடம்.

அவர் கேட்கவில்லை. "வா தம்பி, மீன் சாப்பிடலாம்," என்று அவன் தோளைப் பிடித்து அழைத்துப் போனார். அன்று எங்கள் மேசையில் யாரும் நண்டு தின்னவில்லை.

திங்கட்கிழமை வேலையிலிருந்து வந்தவனிடம் கடைசியாகக் கேட்டேன். "கல்யாணம் கிடக்கட்டும். நீ ஊருக்கு வா. அம்மா இருக்கா, நான் இருக்கேன்."

"அங்க வந்தா நான் கை போனவன்க்கா. தெருவுல நடந்தா எல்லாரும் கையத்தான் பாப்பாங்க, அப்புறம்தான் முகத்த. இங்க என்னைய யாருக்கும் முன்னாடியே தெரியாது. இந்தக் கையோடதான் தெரியும்." ஜாக்கெட்டைக் கழற்றி மாட்டிக்கொண்டே சொன்னான்: "இங்க பிடிக்குதுன்னு இருக்கல. அங்க வர முடியலன்னு இருக்கேன்."

என் பக்கத்து வீட்டார் என்ன பேசுவார்கள் என்று எனக்கே வார்த்தை வார்த்தையாகத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை காலை நான் புறப்பட வேண்டும். பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தபோது கதிரேசன் என் போனை எடுத்து அம்மாவை அழைத்தான். வீடியோவில். அங்கே விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். அம்மா வாசல் தெளித்த வாளியோடு வந்து நின்றாள்.

அவன் பிளாஸ்டிக் விரல்களை மாட்டியிருக்கவில்லை. வெறும் கையைக் கேமரா முன்னால் நீட்டினான்.

அம்மா போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள். எங்கள் திரையில் அவளுடைய நெற்றி மட்டும் தெரிந்தது. "திருப்பு," என்றாள். திருப்பினான். "இன்னும் கிட்ட." காட்டினான். அலறுவாள், மயங்கி விழுவாள் என்று நான் நினைத்ததெல்லாம் நடக்கவில்லை.

"எப்ப?"

"தீபாவளி முடிஞ்சு."

அம்மா மனதுக்குள் மாதங்களை எண்ணுவது தெரிந்தது. பிறகு கேட்டாள்: "துணியெல்லாம் எப்படிடா துவைச்சே?"

"கால்ல மிதிச்சும்மா."

இத்தனை நாளும் என் முன்னால் அழாதவன் அப்போது அழுதான். போனைக் கட்டிலில் கவிழ்த்து வைத்துவிட்டு, இருந்த ஒரு விரலாலும் இல்லாத நான்காலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். கவிழ்ந்த போனிலிருந்து அம்மாவின் குரல் வந்துகொண்டே இருந்தது. "போன வைக்காதடா. நீ அழு, நான் இருக்கேன். வைக்காத."

என்னை வழியனுப்ப ஸ்டெல்லா அக்காதான் வந்தார். அவன் வேலைக்குப் போய்விட்டான்; போகட்டும் என்று நானும் தடுக்கவில்லை. தனியாகத்தான் ஊர் திரும்பினேன். பத்திரிகையை நிறுத்தச் சொல்லும் வேலையும், கேட்பவர்களுக்கெல்லாம் பதில் சொல்லும் வேலையும் என்மேல் விழுந்தன.

இப்போது அம்மா தினமும் வாசல் தெளித்ததும் அவனை அழைக்கிறாள். அவன் எடுக்கிறான். இருவரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. கையைக் காட்டு என்கிறாள். காட்டுகிறான். அவள் பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.